மூன்று புள்ளிகளைக் கேட்ட மார்க்கோனி

நம் பாட்டிமார் இளம் பெண்களாக இருந்த காலத்தில், அந்தி சாய்ந்ததும் வீட்டு வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து இலங்கை வானொலியைக் கேட்பார்களாம். பாட்டு கணீரென்று ஒலித்துக்கொண்டிருக்கும். திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் தேய்ந்து போகும். சற்று நேரத்தில் தானாகவே மீண்டும் ஓங்கி ஒலிக்கும். நடுவே வேறொரு நிலையம் புகுந்து புரியாத மொழியில் பேசும். பெட்டியைத் தட்டிப் பார்ப்பதும், வான்கம்பியை இழுத்துக் கட்டுவதும் வீட்டிலுள்ள அண்ணன்மாரின் வேலை. எங்களுள் ஒருத்தியின் பாட்டி இதைச் சொல்லிச் சிரித்தபோது, குற்றம் பெட்டியுடையது அன்று என்பதை எங்களால் அவருக்கு விளக்க முடியவில்லை. அதற்காகப் புத்தகங்களைத் தேடப் போய்த்தான் மார்க்கோனியின் வாழ்க்கையில் நுழைந்தோம்.

மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஒரு வரியில் அவர் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் தம் வாழ்நாள் முழுவதும் போராடியது அலையை அனுப்புவதற்காக மட்டும் அன்று. அனுப்பிய அலை வழியில் மங்கிப்போகாமலும், பிறர் அலையோடு கலந்து குழம்பிப்போகாமலும், பிழையின்றி ஒரு செவியில் போய் விழவேண்டுமே என்பதற்காகத்தான். இந்தப் போராட்டத்தில் அவர் வென்ற இடமும் உண்டு, தோற்ற இடமும் உண்டு, தவறு செய்த இடமும் உண்டு.

குலியெல்மோ மார்க்கோனி 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தை ஜுசெப்பே நிலபுலன் உடையவர். தாய் ஆனி ஜேம்சன் அயர்லாந்துப் பெண்மணி. பொலோஞாவை அடுத்த பொந்தேக்கியோ என்ற ஊரில் அவர்களுக்கு வில்லா கிரிபோனே என்றொரு மாளிகை இருந்தது. அதன் மேல்மாடியில் முன்பு பட்டுப்புழு வளர்த்த அறைதான் சிறுவனின் ஆய்வுக்கூடம் ஆயிற்று. பள்ளிப் படிப்பில் அவர் பேர் பெற்றவர் அல்லர். தந்தைக்கு மகன் பொழுதை வீணாக்குகிறான் என்ற எண்ணம். தாய்தான் துணை நின்றார்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் மின் அலைகள் உண்டென்று ஏற்கெனவே காட்டியிருந்தார். அவர் அலைகள் ஓர் அறையைத் தாண்டவில்லை. மார்க்கோனி ஒரு தகட்டை உயரத்தில் தூக்கிக் கட்டி, மற்றொரு முனையை மண்ணில் புதைத்தார். அலை வயல்வெளியைக் கடந்தது. 1895-இல் ஒருநாள் அண்ணன் அல்போன்சோ வாங்கும் கருவியோடு குன்றுக்கு அப்பால் சென்றார். குறி வந்தால் தெரிவிக்க அவர் கையில் துப்பாக்கி. தம்பி மாளிகையில் சாவியை அழுத்த, குன்றின் மறுபக்கத்திலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கும் அலை போகும் என்பது அன்று உறுதியாயிற்று. அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட ஆறே வயது மூத்தவர்!

அடுத்த ஆண்டே தாயோடு இங்கிலாந்து சென்றார். அங்கே அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் ஆதரவு தந்தார். 1897-இல் பிரிஸ்டல் கால்வாயின் குறுக்கே செய்தி போயிற்று. அதே ஆண்டு கம்பெனியும் தோன்றியது. 1899-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடல் கடந்து பேசினார். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவை, விட்டுவிடுவோம்.

ஒரு வகுப்பறையில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியைகளைக் கேட்டால் போதும். தொடக்ககாலக் கம்பியில்லாத் தந்தியின் நிலை அதுதான். தீப்பொறியிலிருந்து பிறந்த அலை எல்லாச் சுருதியிலும் சிதறிப் பரவும். இரு நிலையங்கள் ஒரே வேளையில் அனுப்பினால் வாங்குபவருக்குக் குழப்பமே மிஞ்சும். வீணையில் தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டுவதுபோல் அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தால், மற்றச் சுருதிகள் நுழையமாட்டா. இந்த வழிக்கு மார்க்கோனி 1900-இல் காப்புரிமை பெற்றார். அதன் எண் 7777. சுருதி கூட்டும் எண்ணம் அவருடையது மட்டும் அன்று. ஆலிவர் லாட்ஜ் போன்றோர் முன்னமே அதைத் தொட்டிருந்தனர். 1943-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் முந்தைய வேலையைச் சுட்டி, மார்க்கோனியின் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென்றது. அப்போது அவர் உயிரோடில்லை.

பிறகு அட்லாண்டிக் கடல். உலகம் உருண்டை, அலையோ நேர்க்கோட்டில் செல்லும், ஆகவே அது விண்ணில் போய் மறையுமே தவிர மறுகரையில் இறங்காது என்று அறிஞர் பலர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மார்க்கோனி கேட்கவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போல்டு என்ற இடத்தில் பெரிய நிலையம் கட்டினார். 1901 செப்டம்பரில் புயலடித்து அதன் கம்பங்கள் எல்லாம் சாய்ந்தன. அமெரிக்கக் கரையில் கேப் காட் என்ற இடத்தில் நட்ட கம்பங்களும் நவம்பரில் விழுந்தன. மற்றொருவராயிருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். இவர் போல்டுவில் தற்காலிகமாக ஒரு வான்கம்பியைக் கட்டச் செய்துவிட்டு, கெம்ப், பேஜெட் என்ற இரு உதவியாளரோடும், பட்டங்களும் பலூன்களும் அடங்கிய பெட்டிகளோடும் நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறினார். செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை அடுத்த குன்றுக்கு முன்பிருந்தே சிக்னல் ஹில், அதாவது அடையாளக் குன்று என்று பெயர். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

அங்கும் காற்று விடவில்லை. பலூன் ஒன்று பறந்தே போயிற்று. டிசம்பர் 12-ஆம் நாள் பட்டத்தில் கம்பியைக் கட்டி உயர ஏற்றினார்கள். பட்டம் ஏறி இறங்கி ஆடியது. வான்கம்பி ஆடினால் சுருதி நிலைக்காது. ஆகவே தாம் பெருமையோடு உரிமை பெற்ற சுருதி கூட்டும் கருவியை மார்க்கோனி ஒதுக்கி வைத்தார். சுருதி இல்லாத எளிய கருவியையும், காதில் வைத்துக் கேட்கும் டெலிபோன் குழலையும் எடுத்துக்கொண்டார். போல்டுவிலிருந்து நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரே ஓர் எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மோர்ஸ் முறையில் 'எஸ்' என்னும் எழுத்து. அதாவது மூன்று புள்ளிகள். பகல் 12.30 மணியளவில் இரைச்சலுக்கு நடுவே அந்த மூன்று தட்டல்களும் மெல்லக் கேட்டன. மார்க்கோனி குழலைக் கெம்பின் காதில் வைத்தார். அவரும் கேட்டதாகச் சொன்னார். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர்.

நம் நாட்டவர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். அன்று பயன்பட்ட பாதரச உணர்கருவியை மார்க்கோனிக்குத் தந்தவர் இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த சோலாரி. ஆனால் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இரும்பும் பாதரசமும் கொண்ட அத்தகைய கருவியை உருவாக்கி, 1899-இலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்திருந்தார். அந்தக் கருவியின் வேர் போஸின் வேலையில் இருக்கிறதென்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

மூன்று புள்ளிகள் உண்மையிலேயே கேட்டனவா? அன்றைக்கே பலர் ஐயுற்றார்கள். இன்றும் அந்த விவாதம் ஓயவில்லை. கேட்டவர்கள் இருவர், காகிதத்தில் பதிவு இல்லை, எந்த எழுத்து வரும் என்பதோ முன்பே தெரியும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது, இடி மின்னலின் கரகரப்பையும் மூன்று புள்ளியாகக் கேட்டுவிடலாம் அல்லவா? மேலும் அது பட்டப்பகல். நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால், மார்க்கோனி பொய் சொன்னார் என்று எண்ணவில்லை. ஆனால் ஐயப்பட்டவர்களும் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள் என்போம்.

மார்க்கோனிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில், 1902 பிப்ரவரியில், பிலடெல்பியா என்னும் பயணக் கப்பலில் ஏறினார். இம்முறை காதை நம்பவில்லை. காகித நாடாவில் மை கொண்டு பதியும் கருவியை வைத்தார். கப்பல் தலைவரே சாட்சி. போல்டுவிலிருந்து முழுச் செய்திகள் 1,551 மைல் வரையிலும், 'எஸ்' எழுத்து 2,099 மைல் வரையிலும் நாடாவில் விழுந்தன. உலகம் கைதட்டியது. எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்த நாடா சொன்ன வேறொரு செய்தி. இந்தத் தூரமெல்லாம் இரவில்தான்! பகலில் 700 மைலுக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. அதே கருவி, அதே கம்பி, அதே ஆற்றல். கதிரவன் எழுந்ததும் அலை மங்கிவிட்டது.

காரணம் என்ன? பகல் வெளிச்சம் அனுப்பும் கம்பியிலுள்ள மின்சாரத்தைக் கசியச் செய்கிறது என்று மார்க்கோனி நினைத்தார். அது தவறு. அதே 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும், இங்கிலாந்தில் ஹெவிசைடும், வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கு ஒன்று இருக்கலாம் என்றும், அது கண்ணாடிபோல் அலையைத் திருப்பி அனுப்பக்கூடும் என்றும் எழுதினார்கள். 1924-இல் ஆப்பிள்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி அதைச் சோதனையால் நிலைநாட்டினார். பாட்டியின் வானொலிப் பெட்டிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்ட அலை ஒரே வழியில் வருவதில்லை. ஒன்று தரையோடு வரும். ஒன்று வானில் பட்டுத் திரும்பி வரும். சிலவேளை வானில் இருமுறை பட்டும் வரும். இரண்டின் மேடும் மேடும் சேர்ந்தால் ஒலி ஓங்கும். ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டு கிணற்றுக்குள் போய்விடும். வான் அடுக்கு அசைந்துகொண்டே இருப்பதால் மேடு பள்ளமும் மாறிக்கொண்டே இருக்கும்.

மங்கல் வானத்தின் குறும்பு. குறுக்கீடோ மனிதருடையது. 1903 ஜூன் மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் பிளெமிங், சுருதி கூட்டிய தந்தியின் சிறப்பைச் சபையோருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். போல்டுவிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி வருமுன்னே கருவி தானாகத் தட்டத் தொடங்கிற்று. வந்தவை மார்க்கோனியைக் கேலி செய்யும் வரிகள்! நெவில் மாஸ்கிலின் என்ற மாயவித்தைக்காரர் அருகிலிருந்து வேறொரு கருவியால் அனுப்பியவை அவை. பிளெமிங் கடுங்கோபம் கொண்டு செய்தித்தாளுக்கு எழுதினார். மாஸ்கிலின் செய்தது மரியாதை அன்று. ஆனாலும் யாராலும் புக முடியாதென்று சொன்ன வீட்டுக்குள் புகுந்து காட்டினார் என்பது உண்மைதானே.

இனி, எங்கள் மனத்துக்கு ஒவ்வாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் மார்க்கோனி பாதிதான் தெரிவார்.

அவருடைய கம்பெனி கப்பல்களுக்குக் கருவியை விற்கவில்லை. வாடகைக்குத் தந்து, தன் ஆட்களையே இயக்குநராக வைத்தது. இங்கிலாந்தில் தந்திக்குக் கட்டணம் வாங்கும் உரிமை அஞ்சல் துறைக்கே இருந்ததால் இந்த ஏற்பாடு. அதோடு ஒரு கட்டளையும் உண்டு. ஆபத்து நேரம் தவிர, வேறு கம்பெனிக் கருவி வைத்திருக்கும் கப்பலோடு மார்க்கோனி நிலையங்கள் பேசக்கூடாது. 1902-இல் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் தம்பி இளவரசர் ஹென்றி, அமெரிக்கப் பயணம் முடிந்து டாய்ச்லாந்து என்னும் கப்பலில் திரும்பினார். வழியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நன்றி தெரிவிக்க விரும்பினார். கப்பலில் இருந்ததோ ஜெர்மானியக் கருவி. கரையிலிருந்த மார்க்கோனி நிலையம் அந்தச் செய்தியை ஏற்கவில்லை.

இளவரசரின் நன்றி போய்ச் சேராததால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் மற்றவர் செய்தியைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கும் பழக்கம் கடலில் எவ்வளவு ஆபத்தானது! ஜெர்மனி நாடுகளைக் கூட்டியது. 1903-இல் பெர்லினில் பேச்சு தொடங்கி, 1906-இல் உடன்படிக்கை ஆயிற்று. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் கரை நிலையமும் கப்பலும் ஒன்றன் செய்தியை மற்றது ஏற்கவேண்டும் என்றும், ஆபத்துக்கு 'எஸ்.ஓ.எஸ்.' என்ற குறியைக் கொள்ளலாம் என்றும் முடிவு செய்தார்கள். மார்க்கோனி கம்பெனி கடைசிவரை எதிர்த்தது.

ஒருவர் செய்தியை மற்றவர் வாங்கிக் கைமாற்றுவதால் என்ன பயன் என்பதற்கு மார்க்கோனியின் ஆட்களே சான்றாகிவிட்டார்கள். 1909 ஜனவரியில் அமெரிக்கக் கரைக்கு அப்பால், அடர்ந்த மூடுபனியில், ரிபப்ளிக் என்ற பயணக் கப்பல்மீது புளோரிடா என்ற கப்பல் மோதியது. ரிபப்ளிக்கில் இருந்த தந்தியாளர் ஜாக் பின்ஸ். மோதலில் அவர் அறையின் சுவர் பிளந்துவிட்டது, மின்சாரமும் நின்றது. பாட்டரியில் மிஞ்சிய சிறு ஆற்றலைக் கொண்டு அவர் சாவியைத் தட்டினார். அந்த மெல்லிய குறி தொலைவிலுள்ள கப்பல்களை எட்டியிராது. ஆனால் நாண்டக்கெட் தீவில் சியாஸ்கான்செட் என்னும் கரை நிலையம் அதைக் கேட்டது. கேட்டதைத் தன் வலிய கருவியால் மீண்டும் ஒலித்தது. பால்டிக் என்ற கப்பல் மூடுபனியில் பல மணி நேரம் தேடி, இரு கப்பல்களிலும் இருந்த ஏறத்தாழ 1,500 பேரையும் ஏற்றிக்கொண்டது. மோதலில் இறந்தவர் சிலரே. அந்த ஆண்டின் இறுதியில் மார்க்கோனிக்கு, ஜெர்மானியர் பிரவுனோடு சேர்த்து, பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு செய்தி மங்கலால் கெட்டுப்போக வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதே செய்தி தொடர்பில்லாத இரண்டு வழிகளில் வந்தால், இரண்டும் ஒருங்கே கெட வாய்ப்பு நூறில் ஒன்று. மூன்று வழியானால் ஆயிரத்தில் ஒன்று. அனுப்பும் ஆற்றலைப் பெருக்கிக்கொண்டே போவதைவிட, நடுவில் ஒரு தோழியைக் கேட்டுச் சொல்லச் சொல்வது எவ்வளவு இலாபம்! ஆனால் தோழிக்கும் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டில் ஒருத்தி தவறாகக் கேட்டால், அடுத்தவர்கள் அந்தத் தவற்றையே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மேலும், கைமாற்றுபவர்கள் பலர் ஒரே நேரத்தில் பேசினால் அதுவே புதிய குறுக்கீடு ஆகிவிடும்.

இந்த மூன்று கேடும் ஒரே இரவில் வந்தன. 1912 ஏப்ரல் 14. டைட்டானிக் கப்பலில் பிலிப்ஸ், பிரைட் என்ற இரு இளைஞர்கள் மார்க்கோனி கம்பெனியின் தந்தியாளர்கள். பயணிகளின் சொந்தச் செய்திகள் மலைபோல் குவிந்திருக்க, பிலிப்ஸ் அவற்றைக் கேப் ரேஸ் என்ற கரை நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர், பனிக்கட்டியில் தங்கள் கப்பல் நின்றுவிட்டதைத் தெரிவிக்கப் புகுந்தார். அருகே இருந்ததால் அவர் ஒலி காதைத் துளைத்தது. கேப் ரேஸின் மெல்லிய ஒலியோ அதில் மூழ்கியது. பிலிப்ஸ் எரிச்சலோடு அவரை வாயடைக்கச் செய்தார். அவரும் சற்று நேரம் கேட்டுவிட்டு, கருவியை நிறுத்திப் படுத்துவிட்டார். சில நிமிடங்களில், இரவு 11.40-க்கு, டைட்டானிக் பனிமலையில் மோதியது. மிக அருகிலிருந்த தந்தியாளர் உறங்கிக்கொண்டிருந்தார்.

கார்பேத்தியா என்ற கப்பலின் தந்தியாளர் காட்டம் படுக்கப் போகும் தறுவாயில் தற்செயலாகக் குழலைக் காதில் வைத்திருந்ததால் அந்த அழைப்பைக் கேட்டார். 58 கடல் மைல் தொலைவிலிருந்து அக்கப்பல் விரைந்து வந்தது. 700-க்கும் சற்று மேற்பட்டோர் பிழைத்தனர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். பிலிப்ஸ் கடைசிவரை சாவியை விடவில்லை; அவரும் மாண்டார். முன்பு அவர்மேல் எழுந்த கோபம் இந்த இடத்தைப் படிக்கும்போது எங்களுக்கு அடங்கிவிட்டது.

டைட்டானிக் அனுப்பிய இருப்பிடக் கணக்கே தவறு என்பது 1985-இல் கடலடியில் அதன் உடலைக் கண்டபோது தெளிவாயிற்று. ஏறத்தாழ 13 கடல் மைல் வேறுபாடு. அலை அதைப் பிழையின்றிக் கொண்டுசென்றது. கைமாற்றிய கப்பல்களும் பிழையின்றிக் கைமாற்றின. பிழை தொடக்கத்திலேயே இருந்தது! இதற்கு எதிரான பிழை மறுநாள் நடந்தது. பயணிகள் அனைவரும் பத்திரம், கப்பலை ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்று செய்தித்தாள்கள் வெளியிட்டன. பயணிகள் பத்திரமா என்று கேட்ட ஒரு செய்தியும், வேறொரு கப்பலை இழுத்துச் செல்வதைப் பற்றிய மற்றொரு செய்தியும் வானில் கலந்து ஒன்றாகிவிட்டன என்று பின்னர் விளக்கம் சொன்னார்கள். அதைப் படித்து மகிழ்ந்து, இறைவனுக்கு நன்றி சொல்லி உறங்கப்போன தாய்மாரை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மார்க்கோனி அப்போது நியூயார்க்கில் இருந்தார். கார்பேத்தியா கரை சேர்ந்ததும் கப்பலேறிச் சென்று, கால்கள் காயப்பட்டிருந்த பிரைட்டைக் கண்டார். விசாரணைக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். பயணக் கப்பல்களில் இரவும் பகலும் ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி 1914-இல் நாடுகளின் உடன்படிக்கையாக வந்தது.

அதே 1912 செப்டம்பரில் மோட்டார் விபத்தில் மார்க்கோனி வலக்கண்ணை இழந்தார். குடும்ப வாழ்வு நிலைக்கவில்லை. 1905-இல் நடந்த முதல் திருமணம் முறிந்து, 1927-இல் மரியா கிறிஸ்தினாவை மணந்தார். 1923-இல் பாசிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். முசோலினியின் ஆட்சியையும், எத்தியோப்பியா மீது 1935-இல் தொடுத்த போரையும் ஆதரித்தார். நாடுகளை இணைக்கும் கருவியைத் தந்தவர் இப்படிச் செய்தாரே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு.

முதல் உலகப் போருக்குப் பின் எலெட்ரா என்ற உல்லாசக் கப்பலை வாங்கி, அதையே மிதக்கும் ஆய்வுக்கூடம் ஆக்கினார். வாழ்நாளெல்லாம் நீண்ட அலைகளையும் பேராற்றலையும் நம்பியவர், இப்போது தம் வழி தவறென்று உணர்ந்து, சிற்றலைகளின் பக்கம் திரும்பினார். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர், தாம் கட்டிய கோட்டையைத் தாமே இடிப்பது எளிதா? சிற்றலையைக் கைவிளக்கின் ஒளிபோல் ஒரே திசையில் குவித்து அனுப்பலாம். மற்றவர்க்கு இடைஞ்சலும் குறையும். இந்த முறையில் 1926-இல் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும், 1927-இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு ஏற்பட்டது. நம் நாட்டில் பூனாவை அடுத்த கிர்க்கியில் அனுப்பும் நிலையமும், தோண்டில் வாங்கும் நிலையமும் அமைந்தன.

ஆனால் சிற்றலைக்கு மங்கல் மிகுதி. அதற்கு நல்ல மருந்தைக் கண்டவர்கள் வேறு சிலர். மார்க்கோனியின் அமெரிக்கக் கம்பெனியை வாங்கி 1919-இல் உருவான ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பெவரேஜ், பீட்டர்சன் என்ற பொறியாளர்கள், லாங் தீவிலுள்ள ரிவர்ஹெட் என்னும் இடத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி மூன்று வான்கம்பிகளை நட்டார்கள். ஓரிடத்தில் அலை மங்கும் நொடியில் மற்றோரிடத்தில் மங்குவதில்லை. மூன்றையும் சேர்த்துக் கேட்டால் செய்தி அறுபடுவதில்லை. நாம் மேலே போட்ட பத்து, நூறு, ஆயிரம் கணக்கேதான்! இன்றைய கைப்பேசியும் ஒன்றுக்கு மேற்பட்ட வான்கம்பிகளால் கேட்கிறது. நடுவிலுள்ள கருவிகளைத் தோழிபோல் கைமாற்றச் செய்தால், மங்கலும் குறுக்கீடும் உள்ள வெளியில் எத்தனை பிழை குறையும் என்று பொறியாளர் இன்றும் கணக்கிட்டு வருகிறார்கள்.

வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி என்பது நம் பள்ளியில் பலர் அறியாதது. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பயஸ் முதன்முதலாக ஒலிவாங்கியின் முன் நின்று, இலத்தீன் மொழியில் உலகத்தாரோடு பேசினார். அவரை அறிமுகம் செய்து வைத்தவர் மார்க்கோனியே. அந்த வானொலி பிற்காலத்தில் தமிழிலும் ஒலித்தது. 1933-இல் வத்திக்கானுக்கும் கஸ்தல் கந்தோல்போவிலுள்ள கோடை மாளிகைக்கும் இடையே நுண்ணலைத் தொலைபேசியும் அமைத்தார்.

இதயம் நலிந்து, 1937-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் ரோம் நகரில் மார்க்கோனி இறந்தார். வயது 63. மறுநாள் அடக்கச் சடங்கின்போது, பிரிட்டிஷ் வானொலி நிலையங்களும் வேறு பல நாடுகளின் நிலையங்களும் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. அவர் உடல் பின்னர் பொந்தேக்கியோவுக்கு வந்து, வில்லா கிரிபோனேயின் அடியில் கட்டிய கல்லறையில் வைக்கப்பட்டது. மேலே பட்டுப்புழு வளர்த்த அறை இருக்கிறது. அண்ணன் அல்போன்சோ துப்பாக்கியோடு ஏறிச் சென்ற குன்று அங்கிருந்து தொலைவில் இல்லை.